எங்கள் கடைசி ஐ.எல்.ஆர். பெட்டியிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்: எம்ஆர்என்ஏ தடுப்பூசிகள் குறித்துப் பொது சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பொது சுகாதாரம் மற்றும் நோய்த் தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்களுக்கும், தடுப்பூசித் திட்டத்தைக் கவனிக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மருந்துக் கிடங்கின் கணக்கோடு, தடுப்பூசிகளைக் குளிரில் வைத்துக் காக்கும் ஐ.எல்.ஆர். என்னும் குளிர்சாதனப் பெட்டியின் பொறுப்பும் என்னிடமே இருந்தது. காலையிலும் மாலையிலும் வெப்பநிலையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதும், புதன்கிழமை விடிந்ததும் ஐஸ் பேக்குகளைப் பதம் பார்த்து வேக்சின் கேரியர் என்னும் குளிர்காக்கும் கைப்பெட்டியில் அடுக்கிக் கிராம சுகாதாரச் செவிலியர்களிடம் கொடுத்தனுப்புவதும் என் வேலையாக இருந்தன. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். கிருமியைச் செலுத்தாமல், அதன் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பை மட்டும் உடலுக்குக் கொடுக்கும் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகள் அரசுத் திட்டத்துக்குள் வருவதற்கு முன்பே, அவை எந்த நோய்க்கு முதலில் வேண்டும், எந்த வெப்பநிலையைத் தாங்க வேண்டும், எத்தனை தவணைக்குள் முடிய வேண்டும் என்பதை நம் மாநிலம் தானே எழுதித் தமிழில் வெளியிட்டு, ஒன்றிய அரசிடமும் உற்பத்தியாளர்களிடமும் கொடுக்க வேண்டும். அந்த ஆவணத்தை எழுதும்போது சித்தேரி மலையிலும் அஞ்செட்டிக் காட்டோரத்திலும் இருக்கும் கடைசித் துணை சுகாதார நிலையத்திலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும்.

இது புதிய வழக்கம் அல்ல. ஒரு தடுப்பூசி எப்படி இருந்தால் அதை ஏற்போம் என்பதை, அது உருவாவதற்கு முன்பே எழுதிவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பல நோய்களுக்குக் கடைப்பிடித்து வருகிறது. யாருக்குப் போடுவது, எத்தனை தவணை, எவ்வளவு காலம் பாதுகாப்பு, எங்கே வைத்துக் காப்பது என்று அதில் வரி வரியாக இருக்கும். ஆண்டுதோறும் பல லட்சம் குழந்தைகளுக்கு ஊசி போடும் ஒரு மாநிலம் அப்படி ஓர் ஆவணத்தைத் தன் மக்களுக்காக எழுதினால், அதைத் தள்ளிவைத்துவிட யாராலும் முடியாது.

எம்ஆர்என்ஏ இன்னும் தொலைவில் இருக்கும் காரியம் என்று துறையில் சிலர் கருதக்கூடும். கொரோனாவோடு அந்த நுட்பம் நின்றுவிடவில்லை என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். மூச்சுக்குழலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸிடமிருந்து முதியவர்களைக் காக்கும் மாடர்னா நிறுவனத்தின் எம்ஆர்என்ஏ ஊசிக்கு 2024 மே மாதத்தில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. கொரோனா அல்லாத ஒரு நோய்க்காக இந்த நுட்பம் பெற்ற முதல் ஒப்புதல் அது. காசநோய்க்கான பயோஎன்டெக் நிறுவனத்தின் ஊசிகள் ஜெர்மனியிலும் தென்னாப்பிரிக்காவிலும் மனிதர்களிடம் பரிசோதனைக்கு வந்துவிட்டன. மலேரியா, எச்.ஐ.வி., ஜிகா, நிபா ஆகியவற்றுக்கும் தொடக்கநிலைப் பரிசோதனைகள் நடந்திருக்கின்றன. நம் நாட்டில் புனேயைச் சேர்ந்த ஜெனோவா நிறுவனம் ஜெம்கோவாக்-19 என்னும் எம்ஆர்என்ஏ ஊசிக்கு 2022 ஜூனிலும், ஓமிக்ரானுக்கான அதன் அடுத்த வடிவத்துக்கு 2023 ஜூனிலும் அவசரகால ஒப்புதல் பெற்றது. ஐதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வகமும் 2022-இல் இந்த நுட்பத்தைத் தன் கையாலேயே செய்து காட்டியது. ஆகவே, வருமா வராதா என்பது இப்போது கேள்வியே அல்ல. யாருடைய தேவைக்கு ஏற்ப வடிவெடுத்து வரும் என்பதுதான் இனித் தீர்மானமாக வேண்டியது.

இந்தக் கேள்வி ஏன் இந்த நுட்பத்தில் மட்டும் இவ்வளவு கூர்மையாக எழுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அது வேலை செய்யும் விதத்தைச் சற்றே பார்க்க வேண்டும். செல்லின் கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ.விலிருந்து, ஒரு புரதத்துக்கான குறிப்பு மட்டும் எம்ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்பட்டு வெளியே வருகிறது. செல்லுக்குள் புரதம் கட்டும் உறுப்பான ரைபோசோம் அதைப் படித்து அந்தப் புரதத்தைக் கட்டுகிறது. பந்திச் சமையலுக்காக அன்றைக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டைப் போல, வேலை முடிந்ததும் அது அழிந்துவிடுகிறது. வீட்டின் பேரேட்டில் அது எதையும் எழுதுவதில்லை. தடுப்பூசியில், கிருமியின் ஒரு புரதத்துக்கான குறிப்பை ஆய்வகத்தில் செய்து, நான்கு வகைக் கொழுப்புப் பொருள்களால் ஆன மிக நுண்ணிய துகளுக்குள் பொதிந்து, தசைக்குள் செலுத்துகிறார்கள். கிருமி உள்ளே வருவதே இல்லை. நம் செல்களே அந்த ஒரு புரதத்தைச் செய்து காட்ட, உடலின் எதிர்ப்பாற்றல் அதை அடையாளம் கண்டு, கிருமியைப் பிடித்து அடக்கும் புரதங்களான ஆன்டிபாடிகளையும், காவல் செல்களான டி செல்களையும் வளர்த்துக்கொள்கிறது.

எலியின் தசையில் செலுத்திய எம்ஆர்என்ஏ அங்கே புரதத்தை உண்டாக்கும் என்பது 1990-இலேயே காட்டப்பட்டது. ஆனால் வெளியிலிருந்து வரும் ஆர்.என்.ஏ.வை உடல் எதிரியாகக் கண்டு அழற்சியைக் கிளப்பிவிட்டதால், நெடுங்காலம் யாரும் அதைப் பெரிதாக நம்பவில்லை. ஆர்.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான யூரிடினைச் சற்றே மாற்றியமைத்தால் அந்த அழற்சி அடங்குகிறது என்று கட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-இல் கண்டறிந்தார்கள். 2023-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அதற்காகத்தான் அவர்களுக்குக் கிடைத்தது. கொரோனா வைரஸின் மரபுக் குறிப்பு 2020 ஜனவரியில் வெளியானதும், மார்ச் 16 அன்று முதல் தன்னார்வலருக்கு ஊசி போடப்பட்டதும் அனைவரும் வியந்த வேகம். அந்த வேகத்தின் கீழே முப்பதாண்டு உழைப்பு கிடந்தது.

துறை கவனிக்க வேண்டியது இந்த வேகத்தின் காரணத்தைத்தான். வைரஸை முட்டையிலோ செல்களிலோ வளர்த்துச் செய்யும் பழைய முறையில், ஒவ்வொரு நோய்க்கும் தனி ஆலை, தனிப் பக்குவம் வேண்டியிருந்தது. எம்ஆர்என்ஏவில் ஆலையும் நொதிகளும் கொழுப்புத் துகளும் பெரும்பாலும் மாறாமல் இருக்க, உள்ளே எழுதும் குறிப்பு மட்டும் மாறுகிறது. அப்படியானால் எந்த நோய்க்கு முதலில் செய்வது என்பதைப் பணமும் முன்னுரிமையும் முன்னைவிட அதிகமாகத் தீர்மானிக்கின்றன என்று பொருள். செல்வ நாடுகளின் முன்னுரிமை இயல்பாகவே அவர்களுடைய முதியோரின் குளிர்காலக் காய்ச்சல்களின் மீது இருக்கிறது. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அவர்களுடைய திட்டங்கள் ஒரே நாளில் மாறவும் கூடும். 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு ஏறத்தாழ 50 கோடி டாலர் மதிப்புள்ள 22 எம்ஆர்என்ஏ திட்டங்களுக்கான ஆதரவைக் கைவிடுவதாக அறிவித்தது. நாய்க்கடிக்கும் சிக்குன்குனியாவுக்கும் டெங்குவுக்கும் எங்கோ ஒரு தலைநகரம் முன்வந்து பேசும் என்று பென்னாகரத்தில் உட்கார்ந்து நாம் காத்திருக்க இயலாது.

முதலில் குளிரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நான் நன்கறிந்தது அது. ஃபைசர் நிறுவனத்தின் கொரோனா ஊசி தொடக்கத்தில் மைனஸ் 70 டிகிரியிலும், மாடர்னாவினுடையது மைனஸ் 20 டிகிரியிலும் காக்கப்பட வேண்டியிருந்தன. எம்ஆர்என்ஏ நீரோடு சேர்ந்து இருக்கும்போது அதன் சங்கிலி தானாகவே அறுபடும் இயல்புடையது. எங்கும் நிறைந்திருக்கும் நொதிகள் அதை வெட்டும். மேலே இருக்கும் கொழுப்புத் துகள்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கெடும். உறைநிலையில்தான் இவையெல்லாம் அடங்கியிருக்கும். நம் ஆரம்ப சுகாதார நிலையத்து ஐ.எல்.ஆர். பெட்டியோ 2 முதல் 8 டிகிரி வரையில் வேலை செய்வது. மாவட்டக் கிடங்கில் மைனஸ் 20 டிகிரிப் பெட்டி உண்டு. அதைவிடக் கடுங்குளிர்ப் பெட்டி நம் மாவட்டங்களில் இல்லை, எல்லா ஊரிலும் அதை வைக்கவேண்டும் என்று கேட்பதும் அறிவுடைமை ஆகாது. உறைந்து வந்த ஊசியை வெளியே எடுத்த கணத்திலிருந்து நாள் எண்ணத் தொடங்கிவிடுகிறது. ஒருமுறை இளகியதை மீண்டும் உறைய வைக்கக் கூடாது. போலியோ சொட்டு மருந்தை வெப்பத்திடமிருந்தும், பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ்-பி போன்ற ஊசிகளை உறைதலிடமிருந்தும் காக்கப் பழகிய நம் செவிலியர்கள், மூன்றாவதாக இந்தப் புது வகைக் கணக்கையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும்.

குலுக்கலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஃபைசர், மாடர்னா ஊசிகளின் குறிப்பேட்டிலேயே குப்பியைக் குலுக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். குலுக்கினால் கொழுப்புத் துகள்களின் அமைப்பு குலையும். அரூரிலிருந்து சித்தேரிக்கு இருசக்கர வாகனத்தின் பின்னால் கட்டிச் செல்லும் வேக்சின் கேரியர் எத்தனை முறை அதிர்கிறது என்பதை எந்த ஆய்வகம் அளந்து பார்த்திருக்கும்? தேர்தல் காலத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைகளின் மேல் ஏற்றிக்கொண்டு போன கோட்டூர் மலையும் இதே தருமபுரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. இத்தகைய பாதையில் பயணித்த பிறகும் ஊசி வீரியத்தோடு இருக்குமா என்ற சோதனையை, ஒப்புதலுக்கு முன்னரே உற்பத்தியாளர் செய்து காட்ட வேண்டும் என்று ஆவணத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு குப்பியிலும் வெப்பம் பட்டால் நிறம் மாறும் வி.வி.எம். அடையாளம் இருக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். பதிவேட்டில் எழுதிய எண்ணைக் காட்டிலும் கண்ணெதிரே இருக்கும் அந்தச் சிறு சதுரத்தை நம்பித்தான் மலைக்கிராமத்தில் ஒரு செவிலியர் ஊசியைப் போடவோ வேண்டாமென்று ஒதுக்கவோ முடிகிறது.

இது நடவாத காரியம் அல்ல. ஜெம்கோவாக் ஊசி உலர்த்திய தூளாக, 2 முதல் 8 டிகிரியிலேயே காக்கக்கூடிய விதத்தில் செய்யப்பட்டது. சர்க்கரை வகைகளைச் சேர்த்து நீரை உறிஞ்சி எடுத்து உலர்த்தினால் எம்ஆர்என்ஏ நீண்ட காலம் தாங்கும் என்பது அறிந்த வழிதான். உலர்த்தும் பக்குவத்துக்குக் கூடுதல் செலவும் நேரமும் பிடிக்கும். ஆகவே, கேட்பவர் இல்லாத இடத்தில் உற்பத்தியாளர் அதைச் செய்ய மாட்டார். கேட்க வேண்டியது நாம்.

அடுத்தது, எந்த நோய்க்கு என்பது. என் மனத்தில் முதலிடத்தில் இருப்பது வெறிநாய்க்கடி. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 91 லட்சம் பேரை விலங்குகள் கடிக்கின்றன என்றும், சுமார் 5,700 பேர் ரேபிஸ் நோயால் இறக்கிறார்கள் என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அண்மைய ஆய்வு மதிப்பிட்டது. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது. ஆனால் உரிய நேரத்தில் ஊசி போட்டால் முழுமையாகத் தடுக்கக்கூடியது. நம்மிடம் இப்போது இருக்கும் ஊசி நல்ல ஊசி. இதைச் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் புதிது வரட்டும் என்று யாராவது காத்திருந்துவிடுவார்கள். சிக்கல் ஊசியின் தரத்தில் இல்லை, தவணைகளில் இருக்கிறது. கடித்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என நான்கு முறை வர வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓசூர் ஆலைகளுக்குத் தினக்கூலிக்குப் போகிறவருக்கும், பென்னாகரத்திலிருந்து பெங்களூருக்குக் குடும்பத்தோடு கட்டட வேலைக்குப் போய்விடுகிறவருக்கும், இருபத்தெட்டாம் நாள் என்பது பெரும்பாலும் வேறொரு ஊரில் விடியும் நாள். புண் ஆறியிருக்கும், நாயும் ஊருக்குள் நடமாடிக்கொண்டுதான் இருக்கும், ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் வீணாகுமே என்ற எண்ணம் வென்றுவிடும். வராதவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் பார்த்துப் பார்த்து, தொலைபேசியில் அழைத்தும் பயனில்லாமல் செவிலியர்கள் கலங்கி நின்றதைக் கண்டிருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் எம்ஆர்என்ஏவுக்கு வேலை இருக்கிறது. மனிதர்களிடம் பரிசோதிக்கப்பட்ட முதல் எம்ஆர்என்ஏ தொற்றுநோய்த் தடுப்பூசிகளில் ஒன்று ரேபிஸுக்கானது என்பது பலருக்குத் தெரியாது. ஜெர்மனியின் கியூர்வாக் நிறுவனம் 2013-இல் தொடங்கிய அந்தப் பரிசோதனையின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. முதல் வடிவம், ஊசியில்லாத சிறப்புக் கருவியால் செலுத்தியபோது மட்டுமே ஓரளவு வேலை செய்தது. கொழுப்புத் துகளில் பொதிந்த அடுத்த வடிவத்தில், ஒன்று அல்லது இரண்டு மைக்ரோகிராம் அளவிலான இரண்டு தவணைகளிலேயே, பெற்றுக்கொண்ட அனைவருக்கும் உலக சுகாதார நிறுவனம் போதுமென்று கூறும் அளவுக்கு ஆன்டிபாடி உண்டானது. அது சிறிய, தொடக்கநிலைப் பரிசோதனை. நாய் கடித்தபின் போடும் ஊசியாக அதை இன்னும் யாரும் நிறுவிக் காட்டவில்லை. ஆயினும் நான்கு தவணை இரண்டாகக் குறையக்கூடும் என்ற வாய்ப்பு, சந்தை பெரிதாக இல்லாத காரணத்தால் கிடப்பில் போடப்படுமானால் அது பெருங்கொடுமை. உலகின் ரேபிஸ் சாவுகளில் கணிசமான பங்கைச் சுமக்கும் நாடு நம்முடையது. நாம் கேட்காமல் வேறு யார் கேட்பார்?

ரேபிஸ் பற்றிய இந்தப் பகுதியில் இரண்டு எச்சரிக்கைகளையும் ஆவணத்தில் சேர்க்க வேண்டும். ஆழமான கடிக்குக் காயத்தைச் சுற்றி உடனே செலுத்தும், ஆயத்த ஆன்டிபாடி மருந்தான இம்யூனோகுளோபுலினுக்கு எம்ஆர்என்ஏ மாற்றாகாது. ஏனெனில் குறிப்பைப் படித்து உடல் தானே புரதம் செய்ய நேரம் பிடிக்கும், அந்தக் காயமோ காத்திருக்காது. தெருநாய்களில் பத்தில் ஏழுக்கு ஊசி போட்டால் நோய்ச் சங்கிலி அறும் என்பதும், கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவ வேண்டும் என்பதும் எந்தப் புது நுட்பம் வந்தாலும் மாறப்போவதில்லை.

சிக்குன்குனியாவை வேறொரு காரணத்துக்காகக் குறிப்பிடுகிறேன். எம்ஆர்என்ஏ என்றால் தடுப்பூசி என்று மட்டுமே நினைக்கிறோம். அதே நுட்பத்தைச் சிகிச்சைக்கும் பயன்படுத்தலாம். கிருமியின் புரதத்துக்குப் பதிலாக, அதை அடக்கும் ஆன்டிபாடிக்கான குறிப்பையே உடலுக்குள் அனுப்பினால், உடல் அந்த மருந்தைத் தானே செய்துகொள்ளும். சிக்குன்குனியா வைரஸை அடக்கும் ஆன்டிபாடிக்கான எம்ஆர்என்ஏவை ஆரோக்கியமான தன்னார்வலர்களின் இரத்தக்குழாயில் செலுத்திய மாடர்னாவின் ஆய்வு 2021-இல் வெளியானது. அவர்கள் உடலில் அந்த ஆன்டிபாடி உண்டாகிப் பல வாரங்கள் நீடித்தது. மருந்தாகக் கைக்கு வர அது வெகுதூரம் செல்ல வேண்டும். மழைக்குப் பின் கிராமம் முழுவதும் மூட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் காய்ச்சலுக்கு, பாராசிட்டமாலைத் தவிர வேறெதையும் கொடுக்க வழியில்லாமல் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தவன் என்ற முறையில், இந்த ஆய்வு கைவிடப்படக் கூடாது என்று விரும்புகிறேன்.

டெங்குவில் அவசரம் காட்டக் கூடாது. நான்கு வகை வைரஸ்கள் இருப்பதால், ஒன்றுக்கு எதிராக அரைகுறையாக உண்டான ஆன்டிபாடி அடுத்த வகைத் தொற்றைக் கடுமையாக்கிவிடக்கூடும். டெங்வாக்ஸியா என்ற ஊசி (அது எம்ஆர்என்ஏ அல்ல) பிலிப்பைன்ஸில் 8 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்குப் போடப்பட்ட பிறகு, முன்பு டெங்கு வராதவர்களுக்கு அது ஆபத்தை அதிகரிக்கலாம் என்று 2017 நவம்பரில் உற்பத்தியாளரே அறிவித்தார். அந்நாட்டில் மக்கள் மற்ற ஊசிகளின் மீதும் நம்பிக்கை இழந்தார்கள். காசநோயைப் பொறுத்தவரை நம் மாநிலத்துக்கே ஒரு மரபு உண்டு. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான மக்களிடம் நடந்த பி.சி.ஜி. பரிசோதனை, வயதுவந்தோரின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவை மறைக்காமல் உலகுக்குச் சொன்னது. புதிய காசநோய் ஊசி எதுவானாலும் அதே நேர்மையோடு இங்கே சோதிக்கப்பட வேண்டும் என்று கேட்பது நமக்குப் பொருந்தும்.

இனி மக்களிடம் சொல்வது பற்றி. என் கோரிக்கையில் மிகக் கடினமான பகுதி இது என்று கருதுகிறேன். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது, வாட்ஸ்ஆப்பில் பரவிய வதந்தியால் பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே தயங்கியதும், முகாமின் நாள்களை நீட்டிக்க நேர்ந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஊசியோ பல நாடுகளில் பல்லாண்டுகளாகப் போடப்பட்டு வந்த ஒன்று. அப்படிப்பட்டதற்கே அந்த நிலைமை என்றால், பெயரிலேயே மரபணுவை நினைவூட்டும் ஒரு புது ஊசிக்கு என்ன ஆகும்? இன்றைக்கும் பாலக்கோட்டுத் தேநீர்க் கடையில், மாரடைப்பில் இறந்த எவருக்கும் எம்ஆர்என்ஏ ஊசிதான் காரணம் என்று உறுதியாகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போடப்பட்டது பெரும்பாலும் கோவிஷீல்டு அல்லது கோவாக்சின். முன்னது அடினோவைரஸைக் கொண்டு செய்தது, பின்னது செயலிழக்கச் செய்த முழு வைரஸ். இரண்டும் எம்ஆர்என்ஏ அல்ல. தன் கையில் ஏறியது எது என்பதை ஊசி போட்டுக்கொண்டவருக்கே நாம் விளங்கச் சொல்லவில்லை என்பதைத்தான் இந்தக் குழப்பம் காட்டுகிறது.

ஆகவே, மருந்து வந்து இறங்கிய பிறகு ஒலிபெருக்கி கட்டிய வண்டியை அனுப்புவது போதாது. இப்போதே தொடங்குங்கள், குறைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். கொரோனா எம்ஆர்என்ஏ ஊசிகள் பெரும் பரிசோதனைகளில் 95 விழுக்காடு அளவுக்கு நோயைத் தடுத்தன என்பது உண்மை. நோயைத் தடுக்கும் அந்த ஆற்றல் சில மாதங்களில் தேய்ந்தது என்பதும், கடும் நோயிலிருந்து காக்கும் ஆற்றல் அதைவிட நீடித்தது என்பதும் உண்மை. குறிப்பாக இளம் ஆண்களுக்கு, இரண்டாம் தவணைக்குப் பிறகு இதயத் தசையில் அழற்சி அரிதாக ஏற்பட்டது; பெரும்பாலோர் குணமடைந்தார்கள்; இரு தவணைகளுக்கு இடையில் இடைவெளியைக் கூட்டியபோது அது குறைந்தது. பத்து லட்சம் பேரில் ஒரு சிலருக்குக் கடும் ஒவ்வாமை உண்டானது. ஊசி போட்டபின் சற்று நேரம் உட்கார வைப்பது அதற்காகத்தான். டி.என்.ஏ.வை அது மாற்றுவதில்லை. ஊசியின் எம்ஆர்என்ஏ பெரும்பாலும் சில நாள்களில் சிதைந்துவிடுகிறது என்றாலும், நிணநீர் முடிச்சுகளில் அதன் தடயம் வாரக்கணக்கில் இருந்ததாகவும் ஆய்வு உண்டு. இதைச் சொன்னால் மக்கள் பயந்துவிடுவார்கள் என்று அலுவலகத்தில் அஞ்சக்கூடும். நாம் சொல்லாததை வேறொருவர் திரித்துச் சொல்லும்போது வரும் பயம் அதைக் காட்டிலும் பெரிது. எல்லா நோய்க்கும் இந்த நுட்பம் வெற்றி தந்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சைட்டோமெகலோ வைரஸுக்கான மாடர்னாவின் ஊசி இறுதிக்கட்டப் பரிசோதனையில் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்று 2025 அக்டோபரில் அந்த நிறுவனமே அறிவித்தது.

உற்பத்தியைப் பற்றி விரிவாகப் பேசும் தகுதி எனக்கில்லை. ஆயினும், 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையமும் கிண்டியின் பி.சி.ஜி. ஆய்வகமும் உள்ள மாநிலத்தில், செங்கல்பட்டில் பெரும் பொருட்செலவில் கட்டிய தடுப்பூசி வளாகத்தை 2021 மே மாதத்தில் முதலமைச்சரே நேரில் பார்த்து, மாநிலத்திடம் கொடுங்கள் என்று ஒன்றிய அரசைக் கேட்டதை நினைவூட்டுகிறேன். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அமைத்த எம்ஆர்என்ஏ பயிற்சி மையத்தோடு ஐதராபாத்தின் பயலாஜிக்கல் ஈ நிறுவனம் இணைந்திருக்கிறது. நமக்கு அண்டை ஊரில் இருக்கும் அந்தக் கற்றல், நம் பொதுத்துறைக்கும் வந்து சேர வழி இருக்கிறதா என்று துறை விசாரித்துப் பார்க்கலாம்.

ஆவணத்தை எழுதும் முறை பற்றிய என் வேண்டுகோளோடு முடிக்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கி வைக்க, அரசு கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியைத் தேர்ந்தெடுத்தது. மருந்து மனிதரைத் தேடிப் போக வேண்டும் என்று சொல்ல அந்தக் கிராமம் பொருத்தமானதாக இருந்ததென்றால், எப்படிப்பட்ட ஊசி வேண்டும் என்று கேட்கவும் அது பொருத்தமானதுதான். வல்லுநர் குழுவை அமைக்கும்போது பேராசிரியர்களோடு, இரு மாவட்டங்களிலிருந்தும் பணியில் இருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களையும் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் தொழில்நுட்பர்களையும் உறுப்பினர்களாகச் சேருங்கள். அழைப்பாளர்களாக ஓரத்தில் உட்கார வைக்க வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறைகள், நாய்க்கடிக்கு முதல் தவணை போட்டுக்கொண்டவர்கள் ஏன் கடைசித் தவணைக்கு வருவதில்லை என்பதை வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதட்டும். வரைவு தயாரானதும் அதைத் தமிழில் கிராம சபைக் கூட்டங்களில் வாசிக்கச் செய்து, எழும் கேள்விகளையும் பதில்களையும் சேர்த்தே, நோய்த்தடுப்புக்கான தேசியத் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவுக்கும் உயிரித் தொழில்நுட்பத் துறைக்கும் அனுப்புங்கள். பழைய குளிர்ப் பதிவேடுகளை எப்படிப் படிப்பது, எந்த வழித்தடத்தில் எந்த மாதத்தில் மின்சாரம் அதிகம் நின்றது என்பன போன்ற விவரங்களுக்கு என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்களின் உதவி தேவையென்றால், ஊதியம் எதுவும் எதிர்பாராமல் வந்து உட்கார்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறோம்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.